மூன்றாம் தரம் கூப்பிடாத குரல்

நோர்வேயின் வடக்கு முனையில், மீன் தொழிற்சாலை ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்தேன். ஊர் கதிரவெளி, கடல்தொழில் குடும்பம். அதனால் மீன் எனக்குப் புதிதில்லை. குளிரும் போகப் போகப் பழகியது. பழகாதது இருட்டுத்தான். மார்கழியில் அங்கே சூரியன் எழும்புவதே இல்லை. மத்தியானச் சோற்றையும் லைட் போட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கிறிஸ்து பிறப்பு நத்தார் லீவுக்கு எல்லோரும் போய்விடுவார்கள். குளிர் அறை மெசின்கள் நின்றுவிடாமல் பார்க்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு நத்தார் இல்லைத்தானே, நான் நிற்கிறேன் என்று சொன்னேன். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கும் மரவீடு. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் பனி. குடாவின் அக்கரையில் ஒரு கிழவர் தனியாக இருந்தார். கண்ணுக்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதான். காற்று எழும்பினால் அந்த வீட்டு வெளிச்சமும் பனிக்குள் மறைந்துவிடும்.

என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணப் பொடியன் லீவுக்குப் புறப்படும்போது சிரித்துக்கொண்டே சொன்னான். "அண்ணை, இஞ்ச கடலில செத்துப்போன ஆக்கள் நத்தாருக்குக் கரைக்கு வருவினமாம். வந்தா ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுங்கோ."

அலுமாரிக்கு மேலே அம்மன் படம் வைத்திருந்தேன். விளக்கேற்றிக் கும்பிட்டால் என் மனம் உறுதியாகிவிடும். ஆனாலும் காற்று விடாமல் அடித்த நாட்களில் வீட்டைச் சுற்றி யாரோ நடப்பது கேட்கும். பனி நொறுங்கும் சத்தம். ஜன்னலால் எட்டிப் பார்த்தால் அடிச்சுவடு ஒன்றும் இருக்காது. கந்தசஷ்டி காலத்து விபூதி கொஞ்சம் மடித்து வைத்திருந்தேன். அதைப் பூசிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

அப்படியொரு மத்தியானம் மனைவியோடு போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஊரில் அது பொழுதுபடும் நேரம். அவள் விளக்கு வைக்கத் திரியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். அப்போது வெளியில் ஒரு குரல் கேட்டது.

"மனே..."

எங்கள் பக்கத்துத் தாய்மார் பிள்ளைகளைக் கூப்பிடுவது அப்படித்தான். அந்தக் கரையில் அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு சீவனும் இல்லை.

"ஆரு அங்க பொம்புள?" என்றாள் மனைவி.

"ஒருத்தரும் இல்ல புள்ள."

"எனக்கென்ன காது கேக்காதா? இப்பதானே கூப்பிட்டா. போனத் திருப்புங்க பாப்பம்."

திருப்பிக் காட்டினேன். கட்டில், கேத்தல், காயப்போட்ட காலுறை. மேலே அம்மன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மறுபடியும், இந்தமுறை கதவடியில், "மனே..."

அவளுடைய குரல் மாறிவிட்டது. "இஞ்ச, வாய் திறந்திராதீங்க. மூணாந்தரம் கூப்பிடட்டும்."

இருட்டில் யாராவது கூப்பிட்டால் மூன்று தரம் கேட்ட பிறகுதான் ஏனென்று கேட்பது எங்கள் வழக்கம். பேய் இரண்டு தரத்தோடு நின்றுவிடுமாம். நானும் அப்படி வளர்ந்தவன்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்றைத் தவிர வேறு சத்தமில்லை.

"கூப்பிடல்லத்தானே, அது பேய்தான். விபூதியப் பூசிட்டு உள்ளுக்கே இரிங்க" என்றாள்.

பூசினேன். சும்மா இருக்க மனம் வரவில்லை. கதிரவெளியில் நாங்கள் கதவு திறக்காவிட்டால் வந்தவர் அடுத்த வீட்டு வளவுக்குப் போய்க் கூப்பிடுவார். அங்கேயும் திறக்காவிட்டால் அதற்கு அடுத்தது. இங்கே அடுத்த வளவு எங்கே இருக்கிறது? வந்தது மனிதனாக இருந்து, மூன்றாம் தரம் கூப்பிடச் சத்தில்லாமல் விழுந்து கிடந்தால்?

"நான் திறக்கப் போறன் புள்ள."

"உங்களுக்கென்ன பைத்தியமா? பிள்ளைகள நினைச்சுப் பாருங்க."

"பேயெண்டா அம்மன் பாத்துக்குவா. மனுசனெண்டா நான்தான் பாக்கணும்."

கதவைத் திறந்தேன். வாசல்பனி தடமில்லாமல் கிடந்தது. டோர்ச்சை அடித்துக்கொண்டு கொஞ்சம் நடந்தேன். வள்ளம் வைக்கும் கொட்டிலடியில் கையால் தள்ளும் பனிவண்டி ஒன்று புரண்டு கிடந்தது, பக்கத்தில் அக்கரைக் கிழவர். கால் முறுகி மடிந்திருந்தது. இமையெல்லாம் பனி. என்னைப் பார்த்தார், ஆனால் உதடு அசையவில்லை.

சட்டைப்பைக்குள் இருந்து போன் கத்தியது. "மனுசரா?"

"மனுசன்தான்."

"அப்ப என்னத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? உள்ளுக்கு இழுங்க."

அவருடைய வண்டியிலேயே ஏற்றி இழுத்தேன். போர்வைகளால் சுற்றி வைத்துவிட்டு அவசர இலக்கத்துக்கு அறிவித்தேன். காற்று தணிந்ததும் ஹெலிகொப்டர் வந்து கொண்டுபோனது. பிறகு போய்ப் பார்த்தபோது வண்டி கிடந்த இடத்தில் துணியால் சுற்றிய பாண் ரொட்டி ஒன்று பனிக்குள் இருந்தது. நத்தாருக்குத் தனியாக இருக்கிறானே என்று எனக்காகச் சுட்டு எடுத்துக்கொண்டு குடாவைச் சுற்றி வந்திருக்கிறார்.

லீவு முடிந்து வந்த யாழ்ப்பாணப் பொடியனையும் கூட்டிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனேன். கிழவரின் பேச்சு எனக்குப் பிடிபடாது, அவன்தான் மொழிபெயர்த்தான். நீங்களா என்னைக் கூப்பிட்டது என்று கேட்கச் சொன்னேன். கிழவர் தலையை ஆட்டி இல்லையென்றார். விழுந்த கொஞ்ச நேரத்திலேயே நாக்கு விறைத்துவிட்டதாம். பிறகு அவர் ஏதோ கேட்டார். பொடியன் சிரிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"உங்கட பெண்சாதி ஊருக்குப் போயிட்டாவா எண்டு கேக்கிறார் அண்ணை. அண்டைக்கு உங்கட கதவடியில நிண்டாவாம்."

இதைக் கேட்டவர்கள் பேய் என்கிறார்கள். மனைவியிடம் சொன்னேன். அவள், "அம்மன் கூப்பிட்டா மூணு தரம் என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலில் பொங்கினாள். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். பொழுதுபட்ட பிறகு யாராவது கேற்றடியில் கூப்பிட்டால் அவள் இன்னமும் குசினி அடுப்படியில் இருந்து, "இரிங்க, இன்னும் ரெண்டு தரம் இரிக்கு" என்கிறாள். அதற்குள் நான் கேற்றைத் திறந்துவிடுவேன்.