ஃப்ரீசரில் வைத்த பெயர்

ராய் கர்னோவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் போர்த்தெல்லன் என்ற ஆங்கிலேயக் கடலோர ஊரில் பாதிப் பேர் ஐயோ பாவம் என்றார்கள். மீதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. லினெட் டிரெகியரும் திறக்கவில்லை. கை கால் விழுந்ததைக் கேட்டபோது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்கும் குழறிப்போய்விட்டது என்று மீன் கடையில் யாரோ சொன்னபோதுதான் கையில் எடுத்த மீனைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

காரணம் இருந்தது. லினெட்டும் இன்னும் ஆறு பெண்களும் பௌர்ணமிதோறும் ஊருக்கு மேலே உள்ள கல்வட்டத்தில் கூடுகிறவர்கள். ஊர் அவர்களைச் சூனியக்காரிகள் என்றது. அவர்களும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள், கூச்சமில்லாமல். அவர்களுக்கு என்று ஒரு நெறி உண்டு: யாருக்கும் தீங்கு செய்யாதே, நீ ஏவியது மூன்று மடங்காக உன்னிடமே திரும்பும். லினெட் இதை நம்பித்தான் முப்பது வருடம் விளக்கேற்றினாள்.

ராய்க்குத் துறைமுகத்தை ஒட்டி ஒரு வரிசை வீடுகள் சொந்தம். அவற்றைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடலாம் என்று முடிவு செய்து, குடியிருந்தவர்களை ஒவ்வொருவராகக் காலி செய்ய வைத்தார். மூன்றாம் நம்பர் வீட்டில் பதினொரு வருடம் இருந்த கெர்ரா, இரண்டு பெண் பிள்ளைகளோடு, கொட்டுகிற ஜனவரி மழையில் வெளியேறினாள். கெர்ராவும் அந்தப் பெண்கள் வட்டத்தில் ஒருத்தி. வீடுகளை மாற்றிக் கட்ட ராய் ஊர்மன்றத்தில் அனுமதி கேட்டுப் பேசவிருந்த நாளுக்கு முந்தைய சாயங்காலம், வட்டம் ஒரு வீட்டில் கூடியிருந்தபோது, அவள் ஒரு தாளில் அவர் பெயரை எழுதினாள். கறுப்பு நூலால் சுற்றி, தயிர் டப்பாவில் தண்ணீர் ஊற்றி அமிழ்த்தி, ஃப்ரீசரில் வைக்க மூடி, 'இவன் நாக்கு உறையட்டும்' என்றாள். நான்கு பேர் அதன் மேல் கை வைத்தார்கள். லினெட் வைக்கவில்லை. தடுக்கவும் இல்லை. எழுந்து போய் டீக்கோப்பைகளைக் கழுவினாள்.

மறுநாள் ராய் மன்றத்தில் மணிமணியாகப் பேசி அனுமதியும் வாங்கிவிட்டார். ஏவல் பலிக்கவில்லை என்று எல்லாரும் மறந்தார்கள். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு காலை, முட்டையை உடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார்.

வட்டத்தில் வாய் நீண்ட ஷீலா மதுக்கடையில் உட்கார்ந்து, "கொஞ்சம் லேட்டா வேலை செஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிச் சிரித்தாளாம். அது ராயின் காதுக்குப் போக இரண்டு நாள் ஆகவில்லை.

லினெட்டின் தொழில் வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைக் கவனிப்பது. காலையும் மாலையும் காரில் வீடு வீடாகப் போய், எழுப்பி, கழுவி, உடுத்தி, ஊட்டிவிட்டு வருவாள். ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. ராய் கர்னோ வீட்டுக்குப் போக ஆள் இல்லை.

"வேற யாராவது போகட்டுமே" என்றாள்.

"யாரு இருக்கா லினெட்? ரெண்டு பேர் வேலையை விட்டுட்டுப் போயாச்சு. நீங்கதான் கிட்டத்துல இருக்கீங்க."

போனாள். கதவைத் திறந்த அவர் மகள் ஹேசல், தூக்கம் கெட்ட கண்களோடு, "வாங்க, கொஞ்சம் பாத்து வாங்க" என்று கீழே காட்டினாள். வாசற்படிக்கு உள்ளே வெள்ளையாக ஒரு கோடு. உப்பு. சூனியக்காரியால் அதைத் தாண்ட முடியாதாம். முன்னறைப் படுக்கையில் சாய்ந்திருந்த ராய் லினெட்டின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் அதைத் தாண்டுகிறாளா, கோட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறாளா என்று.

லினெட் மிதித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "மிஸ்டர் கர்னோ, இது என் செருப்புல ஒட்டிக்கிட்டு உங்க கார்ப்பெட்டெல்லாம் ஆகும். வேணும்னா ஜன்னல்ல போட்டுக்கோங்க."

அவர் கோணிய வாயால் ஏதோ சொன்னார். "வெ...ளியே" என்பது மட்டும் புரிந்தது.

"போறேன். உங்களைக் கழுவி விட்டுட்டுப் போறேன்."

வேறு வழி இல்லாததால் அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அவள் கையால் எதையும் குடிக்க மாட்டேன் என்றார். விழுங்கும்போது புரை ஏறாமல் இருக்க டீயில் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அந்த மாவு டப்பாவைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் தினமும் முதல் ஸ்பூனை லினெட் தன் வாயில் போட்டு, அவர் பார்க்க விழுங்கிக் காட்டினாள். ஆறிய கஞ்சியில் டீத்தூள் கலந்த மாதிரி இருக்கும். பல வீட்டில் பலதையும் சகித்தவளுக்கே குமட்டியது.

வாரங்கள் ஓடின. அவர் படுக்கைக்கு மேலே காப்பாகக் குதிரை லாடம் வந்தது. தலையணைக்கு அடியில் ஒரு துருப்பிடித்த ஆணி. இரவும் பகலும் விளக்கு எரிந்தது. பேச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணிடம் ஒரு எழுத்தைக்கூட முயற்சி செய்யவில்லை. உறைந்துபோன நாக்குக்குப் பயிற்சி எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ. ஒருநாள் லினெட் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எடு" என்றார். "எடுக்க... சொல்லு."

மூளையில் ரத்தம் கட்டியதுதான், வேறொன்றும் இல்லை என்று சொன்னால், தன் முப்பது வருட நம்பிக்கையைத் தானே தள்ளிவிட்ட மாதிரி. ஏவல் இருக்கிறது, எடுத்துவிடுகிறேன் என்றால், கிடக்கிற மனிதனின் பயத்துக்கு இன்னும் எண்ணெய் ஊற்றிய மாதிரி. பொத்தானைப் போட்டு முடித்தாள். அவர் அழுதார். ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் ஒழுங்காக வந்தது.

கெர்ரா வேலை செய்தது துறைமுகத்து மீன் வறுவல் கடையில். லினெட் தேடிப் போனபோது, மத்தியான ஓய்வில் பின்புறம் காலிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் கட்டு.

"எண்ணெய் தெறிச்சுடுச்சு" என்றாள். "இது முதல் மடங்குன்னு ஷீலா சொல்றா. இன்னும் ரெண்டு பாக்கியாம்."

"ஷீலாவை விடு. அது எங்க இருக்கு?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத."

கெர்ரா கடைக்குள் தலையால் காட்டினாள். "பெரிய ஃப்ரீசர்ல, பட்டாணி மூட்டைக்கு அடியில. அக்கா தோட்டத்துக் கேரவன் வண்டிக்குள்ள குடியிருக்கேன், எனக்கு ஃப்ரீசர் ஏது?"

"வெளிய எடுத்துடு கெர்ரா."

"எதுக்கு? அந்த ஆளு என் பிள்ளைங்களை மழையில நிக்க வெச்சான். அன்னைக்கு யாராவது அவன்கிட்டப் போய் எடுத்துடுன்னு சொன்னீங்களா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் லினெட்டுக்குக் கஷ்டமாக இருந்தது. "யாருக்கும் தீங்கு செய்யாதேங்கிறதெல்லாம் சொந்த வீடு இருக்கிறவங்க எழுதின சட்டம், லின். நீ உன் கதவைச் சாத்திக்கிட்டு நல்லவளா இருக்கலாம். நான் எந்தக் கதவைச் சாத்துவேன்?"

"இருக்கலாம்" என்றாள் லினெட். "ஆனா அவரை தினமும் குளிப்பாட்டுறது நான். நீ இதையா கேட்ட?"

"ஒரு சாயங்காலம் அவன் வாயை மூடட்டும்னு கேட்டேன். அது நடக்கவே இல்ல." கெர்ரா கட்டைத் தடவினாள். "இப்ப எடுத்தா, நான்தான் பண்ணேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் வர்றதெல்லாம் எனக்குத்தானே வரும்? நீ முதல்ல என்னைச் சுத்தி ஒரு காப்புப் போடு. கெட்டியா. அப்புறம் எடுக்கிறேன்."

அன்று லினெட்டுக்கு இன்னும் நான்கு வீடுகள் பாக்கி இருந்தன. முதுகு விண்விண் என்றது. எல்லாருக்கும் பயம், ஆனால் காப்புப் போட உப்புப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது மட்டும் நானா என்று இருந்தது.

"நீ அனுப்பினது உன்கிட்டத்தான் வரும்" என்றாள். "நடுவுல நான் சுவர் எழுப்பினா அது எங்க போய் நிக்கும்? உன் பிள்ளைங்ககிட்டயா?"

சொல்லி முடித்தபோதே கெர்ராவின் முகம் வெளுத்துவிட்டது. உள்ளிருந்து யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டாள்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் லினெட்டுக்கு உறைத்தது. வாழ்நாளில் யார் மீதும் ஏவல் வைத்ததில்லை என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு. மெழுகுவர்த்தி இல்லை, நூல் இல்லை, தாள் இல்லை. பட்டப்பகலில், கடலைப் பார்த்த முற்றத்தில், ஒரு தாயிடம் பிள்ளைகளின் பேரைச் சொல்லிப் பயத்தை இறக்கியாயிற்று. இதற்கு என்ன பெயர்?

ஞாயிற்றுக்கிழமை ஹேசல் தேவாலயத்துக்குப் போய், ராயோடு லினெட் மட்டும் இருந்த நேரம் கெர்ரா வந்தாள். கையில் தயிர் டப்பா, துணி சுற்றியிருந்தது. அதை ஒரு கிண்ணத்தில் கவிழ்த்து, ராயின் படுக்கைப் பலகையில் வைத்தாள். மங்கலான ஐஸுக்குள் கறுப்பு நூல் தெரிந்தது.

"கெட்டில்ல வெந்நீர் இருக்கு, ஊத்திடலாமா?" என்றாள் கெர்ரா.

ராய் தலையை ஆட்டினார். வேண்டாம். தானாகவே கரையட்டும்.

அது கரைகிற வரையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அடுக்களையில் ஏதோ தண்ணீர்க் குழாய் டொக் டொக்கென்றது. ராய் கெர்ராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாம்... நம்பர்" என்றார்.

"ஆமா. மூணாம் நம்பர்."

வெகுநேரம் வாயை மென்றார். "சுவர். ஈ...ரம்."

கெர்ரா ஒருகணம் அவரை வெறித்தாள். அந்த ஈரச் சுவரைப் பற்றி அவள் எத்தனை முறை அவரிடம் போய்ச் சொல்லியிருப்பாள். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? பெரியவளுக்கு மூச்சிரைப்பு வந்ததே அந்தச் சுவராலதான்."

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, விசும்பலா என்று பிரிக்க முடியவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. லினெட்டின் கையில் அப்போது அவருடைய காலுறை. கெர்ரா பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து, அடுப்பு மேடையைத் துடைக்கிறவள் போல ஒரே இழுப்பில் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை.

கடைசியில் தாள் மிதந்தது. மை கரைந்து, எழுத்து இருந்த இடத்தில் நீலக் கறைதான் மிச்சம். ராய் அதை வாங்கி, ஈரத்தோடு ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் அதன் பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினார் என்று ஹேசல் சொன்னாள். பேச்சுப் பயிற்சிப் பெண் வந்தால் கொஞ்சம் வாயசைத்தார். "உப்பு" என்று ஒருநாள் தெளிவாகச் சொன்னார், சூப்பில் போதவில்லையாம். அடுத்த குளிர்காலத்தில் இன்னொரு பக்கவாதம் வந்து போய்ச் சேர்ந்தார். வீடுகள் எல்லாம் சுற்றுலாக்காரர்கள் கைக்கே போயின. மூன்றாம் நம்பரில் இப்போது நீலக் கதவு. கெர்ராவுக்கு வீடு கிடைக்கவில்லை, அக்கா தோட்டத்துக் கேரவன்தான். ஷீலா, சக்தியையெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து ஐஸ்தண்ணியாக்கிவிட்டீர்கள் என்று கோபித்துக்கொண்டு வேறு வட்டம் ஆரம்பித்தாள். லினெட் எந்த வட்டத்துக்கும் போவதில்லை. பௌர்ணமி வந்தால் சீக்கிரம் படுத்துவிடுகிறாள்.

ஒன்றை மட்டும் அவள் சரிசெய்யப் பார்த்தாள். கேரவனுக்குப் போய், "அன்னைக்குக் கடைப் பின்னாடி நான் சொன்னது பொய்" என்றாள். "பிள்ளைங்ககிட்ட எதுவும் போகாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா பிள்ளைங்களைத் தேடிப் போற வினையை நம்பிக்கிட்டு என்னால விளக்கேத்த முடியாது."

கெர்ரா தலையாட்டினாள். இரண்டு பிள்ளைகளின் படுக்கைக்கு மேலேயும் வினைக்குக் காப்பாக, சிவப்பு நூல் கட்டிய ரோவன் மரக் குச்சிகள் தொங்கின. புதிதாகக் கட்டியவை.

இப்போதும் சின்னவளுக்கு இருமல் வந்தால் கெர்ரா முதலில் கூப்பிடுவது டாக்டரை அல்ல. லினெட்டின் போன் அடிக்கும். லினெட் கடைசி வீட்டை முடித்துவிட்டு, பசியோடு, மேட்டுச் சாலையில் காரை ஏற்றிக்கொண்டு போவாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள்.

"வெறும் சளி" என்பாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

கெர்ரா நம்பின மாதிரி இருக்காது. லினெட் செருப்பைக் கழற்றிவிட்டு, இருமல் மருந்தை ஸ்பூனில் ஊற்றி, பிள்ளை தூங்குகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்புவாள்.