அம்மா இருந்த விரதம்

பதுளையில் மருத்துவ ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் மற்றவர்களின் இரத்தத்தையும் மலத்தையும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் தொழில்.

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அம்மா, சில மாதங்களாகப் பகலில் எதுவும் சாப்பிடவில்லை. கேட்டால், "உனக்கு நல்ல மாப்பிள்ளை கிடைக்கத்தான் புள்ள, முருகனுக்கு விரதம்" என்பார்.

"மாப்பிள்ளைய முருகன் பாத்துக்குவாரு, நீ ரொட்டியத் தின்னும்மா" என்று சிரிப்பேன். அவர் மெலிந்ததும் விரதத்தால்தான் என்று நம்பினேன்.

ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில்தான் வாய் திறந்தார். "வயித்தால ரத்தமா போகுது புள்ள. சாப்பிட்டா ஓடணும். மலையில கக்கூஸ் ஏது?"

அவருடைய மல மாதிரியை நானே பார்த்தேன். வெள்ளை அணுக்கள் குவிந்திருந்தன. கிருமி எதுவும் இல்லை. குடல் அழற்சி நோய் என்றார் டாக்டர். கிருமியை எதிர்க்க வேண்டிய அணுக்களே இரத்தக் குழாய்களை விட்டு வெளியேறி, குடலின் உட்சுவருக்குள் புகுந்து, அதைப் புண்ணாக்கிக் கடந்து மலத்தில் வந்திருந்தன. முன்பே வந்திருந்தால் மருந்தால் அடக்கியிருக்கலாமாம். பெருங்குடலை அகற்ற வேண்டியதாயிற்று.

அம்மா இப்போது வயிற்றில் மலம் சேரும் ஒரு பையுடன் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறார். மலைக்குப் போவதில்லை.

மாதிரி கொடுக்க வரும் தோட்டத்துப் பெண்களிடம் நான் இப்போது பெயர், வயதோடு நிறுத்துவதில்லை. "பகல்ல சாப்பிடுறீங்களா? விரதம்னா எதுக்குங்க?" என்றும் கேட்கிறேன். சிலர் தரையைப் பார்க்கிறார்கள். அவர்களை நான் உடனே அனுப்பிவிடுவதில்லை.