மேடைப் பூவும் கரண்டியக்காவும்

கரண்டியக்கா என் சித்தி. ரோஜா ஜாம் காய்ச்சும் கொட்டகையில் பத்தொன்பது வருஷமாக அவள் கையில்தான் கரண்டி. பேர்தான் கரண்டி, படகுத் துடுப்பு நீளம் இருக்கும். அதை வைத்துத் துழாவித் துழாவி வலது தோள் இறங்கிவிட்டது. தலை வாரக் கை தூக்க முடியாது, நான்தான் வாரிவிடுவேன். சித்தப்பா படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

தோட்டத்துப் பூவில் முதல் பறிப்பு அத்தர் வடிக்கப் போய்விடும். மிச்சம் எங்களுக்கு. நான் இதழ் உதிர்ப்பேன். உதிர்த்ததை உடனே சர்க்கரையில் போட்டுக் காய்ச்ச வேண்டும். மதியம் தாண்டினால் கறுத்துவிடும்.

அன்று வண்டியில் வேறு பூ வந்தது. குண்டு குண்டாக, மணமே இல்லாமல், காம்பில் கம்பி சுற்றி. முதல் நாள் ஏதோ கல்யாண மேடையில் நின்ற பூ. உதிர்க்க உதிர்க்க விரலில் பிசுக்கு ஒட்டியது. வாடாமல் பளபளக்க அடிக்கிற மருந்து. சித்தியிடம் விரலைக் காட்டினேன். அவள் முதலாளியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இதையா காய்ச்சச் சொல்றீங்க?"

"கழுவிப் போடுங்கக்கா. ரெண்டு சொட்டு எசன்ஸ் விட்டா மணந்துட்டுப் போகுது," என்றார் முதலாளி.

"திங்கிறவங்க வயிறு?"

"நீங்களா திங்கப் போறீங்க? முடியலேன்னா சொல்லுங்க, கரண்டி பிடிக்க ஆளு வரிசைல நிக்குது."

சித்தி சண்டை போடவில்லை. அடுப்பையும் பற்ற வைக்கவில்லை. ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்குக் கை வரல தம்பி. வலி."

இத்தனை வருஷத்தில் வலி என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை. அது பொய்யும் இல்லை.

முதலாளி நாலு பேருக்குப் போன் போட்டார். யாரும் அன்றைக்கு வருவதாக இல்லை.

"வரிசை ரொம்ப நீளம் போல," என்றாள் பாட்டில் கழுவுகிறவள். நான் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு இதழெல்லாம் கறுத்துக் கூழாகிவிட்டது. முதலாளி வந்து பார்த்தார்.

"நாளைக்காவது கை வருமா?"

"பூவைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அவர் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, காலையில் தோட்டத்துக்கே போகச் சொன்னார்.

திரும்பும் வழியில் சித்தி இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள்.

"நல்ல வேளை சித்தி, வேலை போகல," என்றேன்.

"போயிருந்தா நாளைக்கு ஒரு நாள் தூங்கியிருப்பேன்டி," என்று கையை நீட்டினாள், தூக்கிவிடச் சொல்லி.