தார்ப்பாய் ராணி

வெல்டா லரோண்டுக்கு அடக்கம் என்ற சாமான் பிறவியிலேயே இல்லை. அப்பா அம்மா கரீபியத் தீவான டொமினிக்காவிலிருந்து வந்தவர்கள்; இவள் இங்கிலாந்தில் லீட்ஸில் பிறந்தவள், பஸ் ஓட்டிப் பிழைக்கிறவள். கோடை வந்தால் அங்கே சேப்பல்டவுன் பேட்டையில் கரீபியக்காரர்கள் நடத்தும் கார்னிவலுக்குக் கம்பி வளைத்து, ஆளைவிடப் பெரிய ராணி உடை கட்டி, தானே சுமந்து போட்டியில் ஆடுவாள். நாலு தடவை முதல் பரிசு. "என்னை ஜெயிக்க இனிமே ஒருத்தி பொறந்து வரணும்," என்பாள். பொய்யில்லை.

இந்த வருஷம் இறகும் வேண்டாம், பளபளப்பும் வேண்டாம், புயலையே கட்டுகிறேன் என்று கிளம்பினாள். அவள் பெரியப்பா மகள் இஸ்மே, டொமினிக்காவில் புயலில் வீட்டுக் கூரை பறந்துபோய்ப் பதினோரு மாதம் நிவாரணத் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தவள், இப்போது இவள் வீட்டில்தான் இருந்தாள். அதே மாதிரி நீலத் தார்ப்பாய் வாங்கி, வெல்டா பன்னிரண்டடி இறக்கை தைத்தாள்.

இஸ்மே அதைப் பார்த்ததும் தின்றுகொண்டிருந்த கருவாட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"என் வீடு போனது உனக்கு ஆட்டமாடீ?"

"கடல் சூடேற ஏற புயல் பெருசாகுதுக்கா. இங்க எவனுக்கும் உறைக்கல, நான் உறைக்க வைக்கிறேன். நானும் டொமினிக்காக்காரிதானே?"

"ஆமா, போன்ல புயல் பார்த்த டொமினிக்காக்காரி!"

சுருக்கென்று தைத்தது. பரிசு எத்தனை வாங்கி என்ன, இந்த ஒருத்தி தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்று வெல்டாவுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் உடையைக் கலைக்கவில்லை. "வந்து பாரு, அப்புறம் திட்டு," என்றாள்.

போட்டியன்று பூங்காவில் நல்ல காற்று. மேடையில் எடுப்பாகத் தெரியட்டும் என்று தார்ப்பாயை மேளத் தோல் போல விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தாள். கூரை பறந்து பார்க்காதவர்கள் செய்கிற தப்பு. ஒரே வீச்சில் இறக்கை அவளைச் சாய்த்தது, ஒரு கம்பி படக்கென்று முறிந்தது.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றைத் தாண்டி இஸ்மே ஓடிவந்தாள்.

"இப்படி இறுக்கினா கிழிச்சிட்டுப் போயிடும்டீ மடச்சி! ஓரத்தைத் தளர்த்து, காத்து நுழைஞ்சு போகட்டும்! அந்த முனையைப் பிடி!"

பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு எழுந்தது. கூட்டம் வாய்பிளந்தது. முரசு நிற்கவில்லை, இவர்கள் காலும் நிற்கவில்லை.

ராணி உடையை ஒருத்திதான் சுமக்கவேண்டும், அது சட்டம். நடுவர் ஒலிபெருக்கியில் கூவினார்: "வெளியாள் இறங்கணும்! இல்லேன்னா மார்க் கிடையாது!"

"யாருய்யா வெளியாள்?" வெல்டா சீறினாள். "இது அவ கூரை! மார்க்கை நீயே வச்சுக்க!"

இஸ்மே மூச்சு வாங்க நடுவர் பக்கம் திரும்பினாள்.

"போயும் போயும் எங்க ஊர்க்காரிகிட்ட வாயைக் குடுத்துட்டியேய்யா!"