கடைக்குட்டி வாங்கி வந்த ஒயின்

எங்கள் வீட்டில் மாலைச் செபமாலையை ஆளுக்குப் பத்து மணி கொண்ட ஒரு பத்தாகச் சொல்வது வழக்கம். ஐந்து பத்து, ஐந்து பேர். நான், மனைவி, இரண்டு பையன்கள், கடைக்குட்டியாக ஒரு மகள். பெரியவன் ஜொகூருக்கு வேலைக்குப் போனதும் அவனுடைய பத்து என்னிடம் வந்தது. நடுவுள்ளவன் கல்யாணம் முடித்து நிபோங் திபால் பக்கம் வீடு பார்த்துக்கொண்டான். அவனுடையதை அவன் அம்மா எடுத்துக்கொண்டாள். மகள் மட்டும் தன் பத்தைத் தானே சொல்லி வந்தாள்.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் நாளெல்லாம் நின்றுவிட்டு, பினாங்குப் பாலம் தாண்டி வீடு வந்து முழங்கால் போட்டால், பாதி நாள் என் இரண்டாவது பத்தில் தூங்கிவிடுவேன். மகள் முழங்கையால் ஓர் இடி கொடுப்பாள். விழித்துக்கொண்டு தொடர்வேன்.

பிள்ளைகள் வளர்வதை நான் சரியாகப் பார்த்தவன் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வரும்போது மூன்றும் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். கால்கள் பாயைத் தாண்டி சிமெந்துத் தரையில் கிடக்கும். அதைப் பார்த்துத்தான், அடடா, வளர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வேன். மனைவியிடம் பெரிய பாய் வாங்கச் சொல்வேன். அவ்வளவுதான் நான் வளர்த்த இலட்சணம்.

கடைக்குட்டி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடந்தாள். அந்தக் காலத்தில் சனிக்கிழமையானால் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பீர் குடிப்பேன். பெரிய குடிகாரன் இல்லை. ஆனால் வாரம் முழுக்க அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் வேலை செய்த மாதிரி இருக்கும். புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் கோயிலுக்குப் போய், "தாயே, இந்தப் பிள்ளை பிழைத்து, சொந்தக் காலில் நிற்கும்வரை ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன்" என்று நேர்ந்துகொண்டேன். பிழைத்தாள். நானும் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்கு மனைவி வீட்டில் போடும் திராட்சை ஒயினை மோந்து பார்ப்பதோடு சரி.

அந்தப் பிள்ளை இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால், பழைய கடைவீடு ஒன்றை உணவகமாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே கேக்கும் ரொட்டியும் செய்கிறாள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை, லீவு நாளில், ஒரு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கலங்கலாக ஏதோ இருந்தது.

"என்னம்மா இது, ஜூஸா?"

"ஒயின் பா. ஆரஞ்சுப் பழத்துல செய்றது இல்ல. வெள்ளைத் திராட்சைய தோலோட ஊற வெச்சா இந்தக் கலர் வந்துடும். மருந்து, சீனி ஒண்ணும் போட மாட்டாங்க. எங்க கடையில இதான் ஓடுது."

"கழுவின தண்ணி மாதிரி இருக்குலா."

"குடிச்சுப் பார்த்துட்டுப் பேசுங்க. நான்தான் சொந்தக் கால்ல நிக்கிறேன்ல? உங்க நேர்ச்சை முடிஞ்சிச்சு பா."

அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னாள். ஆஸ்திரேலியாவில், திராட்சைத் தோட்டம் ஒன்றிலுள்ள உணவகத்தில் அவளை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். முதலில் இரண்டு வருஷம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல், போத்தலில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"நேர்ச்சைய அப்படி முடிக்கக் கூடாதும்மா. கோயிலுக்குப் போயி, மெழுகுவத்தி ஏத்தி, நன்றி சொல்லிட்டுத்தான் தொடணும்" என்றேன்.

அது உண்மையான முறைதான். அந்த நேரத்துக்கு எனக்கு வசதியாகவும் இருந்தது.

"சரி பா. ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிப் போத்தலை ஐஸ்பெட்டியில் வைத்தாள். நான் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அது சம்பால் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றது. நான் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆஸ்திரேலியாவைப் பற்றியும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்டும் சின்னக் காடியில் மூன்று பேரும் போனோம். மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நின்றேன். முழங்கால் முன்னைப் போல இல்லை. எழுந்திருக்க பெஞ்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. நன்றி சொல்ல வந்தவன் நான். வாயில் வந்ததோ வேறு. "தாயே, எல்லாம் கொடுத்தாய். இந்தப் பிள்ளையை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் என்னோடு வைத்திரு."

திரும்பும்போது, காடி பாலத்தில் ஏறியதும் மகள் சொன்னாள்: "பா, நான் போகல. நாளைக்குச் சொல்லிடுறேன்."

"ஏம்மா?"

"இங்கயும்தான் வேலை இருக்கு. பரவால்லலா."

பினாங்குப் பாலம் நீளமானது. அது முடிகிறவரை நான் சந்தோஷமாக இருந்தேன். கால் வலிகூடத் தெரியவில்லை. கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது, கைப்பேசியில் வங்கிக் கணக்கை யார் திறந்து காட்டுவது, செபமாலையில் யார் இடிப்பது என்ற கவலையெல்லாம் கடல்மேலேயே தீர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டில் மகள் குளிக்கப் போனதும் மனைவி சமையல்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, இப்ப சந்தோஷமா?"

"அவளாத்தானே போகலன்னு சொன்னா."

"அவளாவா சொன்னா? வியாழக்கிழமையிலேர்ந்து அந்தப் போத்தலப் பார்த்தும் பார்க்காத மாதிரி போறீங்க. அப்பா தொடலன்னா நான் இன்னும் நிக்கலன்னுதானே அர்த்தம்னு நேத்து எங்கிட்ட அழுதா."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அன்னம்மாகிட்ட சொன்னத அன்னம்மாகிட்டயே முடிச்சிட்டு வந்தாச்சு. இனிமே யார்கிட்ட கேக்கணும்?"

அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அன்று மாலை செபமாலையில் மகள் தன் பத்தை மெல்லிய குரலில் சொன்னாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. முடிந்து சிலுவை போட்டதும் ஐஸ்பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்தேன். மூடி தக்கை. எங்கள் வீட்டில் தக்கை திறக்க ஏது கருவி? ஸ்குரூடிரைவரும் குறடும் எடுத்து வந்து குடைய ஆரம்பித்தேன்.

"ஐயோ பா, காடி ரிப்பேரா பண்றீங்க?" வேலைப் பையிலிருந்து ஒரு சின்னத் திருகியை எடுத்து, இரண்டு சுற்றில் திறந்துவிட்டாள். டீ குடிக்கும் கிளாஸில் மூன்று பேருக்கும் ஊற்றினாள்.

முதல் வாய் புளித்தது. அப்புறம் ஆறிப்போன, பால் விடாத தே-ஓ மாதிரி நாக்கில் துவர்த்தது. விழுங்கிய பிறகு ஒரு வாசம் வந்தது. சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டில் கொடுக்கும் ஆரஞ்சின் தோலை உரித்தால் விரலில் நிற்குமே, அந்த வாசம்.

"எப்படி பா?"

"இதுக்கா இத்தன வருஷம் காத்திருந்தேன்? அம்மா போடுறதே தேவலாம்."

"எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துமா" என்றாள் மனைவி.

இரண்டாவது கிளாஸ் பரவாயில்லை. மூன்றாவதுக்கு முன்னால் கேட்டேன்: "அந்த ஊர்ல, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் பக்கத்துல கோயில் இருக்கா?"

அவள் கிளாஸை மேசையில் வைத்தாள்.

"இருக்கு பா. நடந்தே போயிடலாம். பார்த்து வெச்சிருக்கேன்."

பார்த்து வைத்திருக்கிறாள்.

"அப்ப சரி. போயிட்டு வா" என்றேன். சொல்லி முடித்ததும் ஒரு முழு ஷிப்ட் நின்ற அசதி உடம்பில் இறங்கியது. மீதியை நாளைக்கு வைக்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம் பா. மருந்து போடாதது. திறந்தா சீக்கிரம் முடிச்சிடணும்."

முடித்தோம். நாற்காலியிலேயே கண் சொருகியது. விலாவில் ஒரு முழங்கை இடித்தது. பழக்கத்தில் "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்துவிட்டேன். கண்ணைத் திறந்தால், மகள் மேசையின் அந்தக் கோடியில் கைப்பேசியில் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். இடித்தது மனைவி.

"செபமெல்லாம் முடிஞ்சிருச்சு. எழுந்து போயி படுங்க" என்றாள்.