சாம்பிராணியும் ஸ்மோக் மீட்டரும்

டீசலில் எத்தனால் கலந்தால் எஞ்சின் கக்கும் கரும்புகை குறையும். இந்த ஒரு வரியை நிரூபிக்கத்தான் நான் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வருடக்கணக்கில் பஸ்ஸில் போய் வந்தேன். அந்த பஸ்கள் என் முகத்தில் கக்கிய புகை தனிக் கணக்கு.

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், "பேப்பர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எஞ்சினை ஓட்டிக் காட்டும்மா, பார்ப்போம்" என்றார். கெடுவை ஏற்கெனவே நீட்டி நீட்டி வாங்கியாயிற்று. இவர் கையெழுத்துப் போட்டால் பட்டம், இல்லையென்றால் அத்தனை வருடமும் அம்போ.

அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். லீவு விடுவதற்கு முன்பே எல்லா லேபிலும் பூஜை போட்டுவிடுவார்கள். எங்கள் லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை என்று ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. கதவைத் திறந்தால் எஞ்சினே தெரியவில்லை, அவ்வளவு புகை.

"ஒங்க டிகிரிக்காகத்தான் மேடம், சாம்பிராணி ஜாஸ்தியாவே போட்டேன்" என்றார். நான் பதற்றத்தில் சிரித்து வைத்தேன்.

எஞ்சின் புகையை அளக்கும் ஸ்மோக் மீட்டருக்கு ஒரு குணம் உண்டு. முதலில் அறைக் காற்றை இழுத்து, அதுதான் சுத்தமான காற்று என்று நம்பி, பூஜ்யம் வைத்துக்கொள்ளும். நானும் வழக்கம்போல பட்டனை அழுத்திவிட்டேன். எத்தனால் கலந்த டீசலில் எஞ்சின் ஓடியது. மீட்டர் மைனஸ் காட்டியது. அதாவது, என் எஞ்சின் புகை விடவே இல்லை, ஊர்க் காற்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது! என் கைடு கூரையைப் பார்த்தார். அட பாழாய்ப்போன மீட்டரே, இன்றைக்குத்தானா உனக்கு நேரம் கிடைத்தது?

பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எஞ்சினைவிட சாமிதான் ஜாஸ்தி புகை விடுறாரு. ஜன்னலைத் திறங்க."

"சாமிக்குப் போட்டத கணக்குல சேக்கலாமா சார்?" அண்ணனுக்குக் கோபம். மனசே இல்லாமல் ஜன்னல்களைத் திறந்து, சாம்பிராணிச் சட்டியை வெளியே கொண்டுபோய் வைத்தார்.

காற்று தெளிந்ததும் மறுபடி பூஜ்யம் வைத்தேன். முதலில் வெறும் டீசல், பிறகு கலவை. கலவையில் புகை குறைந்தது. எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன் கொஞ்சம் கூடியது. ஆய்வேட்டில் அதையும் எழுதித்தான் இருந்தேன். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் பொரியும் கடலையும் நீட்டினார். "பாத்தீங்களா மேடம்? சாம்பிராணி வேல செஞ்சிடுச்சு."

என்னை முனைவராக்கிய கையெழுத்தின் மையே இன்னும் காயவில்லை. "ஆமாண்ணே" என்றேன்.