உப்பளத்தைக் கீறிய மாதங்கள்

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் வாப்பா மன்னாருக்குத் திரும்பிப் போவதைப் பற்றியே கதைக்கத் தொடங்கினார். எங்களையும் கூட்டிக்கொண்டுதான் போவாராம். கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அவரும் உம்மாவும் யுத்தத்தில் விரட்டப்பட்டு விட்டுவந்த ஊர் அது. எனக்கு அதன் மண்ணின் நிறம்கூடத் தெரியாது. என் கணவர் லொறி ஓட்டுபவர். எந்த ஊரிலும் றோட்டு இருக்கும்தானே என்று முடிவை என் தலையில் கட்டிவிட்டார்.

நாங்கள் வந்து குடியேறியது பாலாவிக்குப் பக்கத்தில். வீட்டுக்குப் பின்னால் உப்பளம், அதற்கு அப்பால் கடல் உள்ளே வந்து தேங்கிய களப்பு. போகத்தான் வேண்டுமென்றால் ஒரு படமாவது கையில் இருக்கட்டும் என்று, நான் சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நேசரியில் மிஞ்சிய பஸ்டல் கலர்ப் பெட்டியோடு ஒரு பின்னேரம் வரம்பில் போய் உட்கார்ந்தேன். பொழுது சாய்வதற்குள் கீறி முடித்து உம்மாவிடம் காட்டினேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கட ஊரைக் கீறியிருக்கிறாய் என்ன, புள்ள!"

"இல்ல உம்மா, இது நம்மட வீட்டுப் பின்பக்கம்."

"அப்ப இந்தப் பனையெல்லாம் எங்க நிக்குது?"

பார்த்தேன். கரை நெடுகப் பனை. எங்கள் பின்பக்கத்தில் மருந்துக்கும் ஒரு பனை கிடையாது. பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர்' என்று படம் கீறச் சொன்னால், வாப்பாவின் மன்னார்க் கதைகளில் வந்த பனைகளைத்தான் கீறுவேன். கை இப்போதும் அதையே செய்திருக்கிறது. எனக்கு என் மேலேயே பொல்லாத கோபம் வந்தது. இத்தனை வருஷமும் கண்ணை எங்கே அடகு வைத்திருந்தேன்?

மறுநாள் ஒன்றும் கீறாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. தட்டையான நிலம், தட்டையான தண்ணீர், வரம்பில் இரண்டு கழுதைகள். உப்புப் பாத்திகளை மனதுக்குள் வெள்ளையால் நிரப்பப் போனபோதுதான் அவை வெள்ளை இல்லை என்று கண்டேன். புதிதாக நீர் விட்ட பாத்தி வானத்தின் நிறத்தில் கிடந்தது. நீர் இறுகிய பாத்திகளில் பச்சை கலங்கியிருந்தது. உப்பு விளையும் பாத்தியோ ரோசாப்பூப் போலச் சிவந்திருந்தது. வாயைத் திறந்தபடி நின்றேன்.

பிறகு விட்டால்தானே! ஒவ்வொரு பின்னேரமும் போனேன். களப்புக்கு அப்பால் கற்பிட்டிப் பக்கத்துத் தென்னைகள் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். காற்று ஓய்ந்த சில நாட்களில் அந்தக் கோடு தண்ணீரை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்றது. யா அல்லாஹ், இதை எந்தப் பஸ்டலால் கீறுவது? உடம்பு சிலிர்த்துப்போய்ப் பெட்டியை மூடிவிட்டு வந்த நாட்களும் உண்டு.

மழை தொடங்குவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, நான் போகமாட்டேன். வாப்பாவிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அந்த உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரி என்னை வளர்த்தவர் அவர். இங்கே கொஞ்ச நாளைக்குத்தானே என்று வீட்டில் உட்கார ஒரு நல்ல கதிரை வாங்கக்கூட விடாதவர்.

ஒரு நாள் துணிந்து, இருந்ததில் பெரிய படத்தை அவர் முன்னால் விரித்தேன்.

"இது எந்த இடம்?" என்றார்.

"நீங்க வேலை செஞ்ச உப்பளம், வாப்பா."

அவர் நம்பவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இந்த நிறமெல்லாம் அங்க இருந்ததா?"

"இப்பவும் இருக்கு."

"நான் குனிஞ்சபடியே நிண்டுட்டன், புள்ள."

அழுகை வரப்பார்த்தது. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன். "நான் இங்கதான் இருக்கப்போறன் வாப்பா. நான் வரல்ல."

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப இதை நான் கொண்டு போறன்," என்றார். படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தேடிவிட்டு, "இதில ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?" என்றார்.

"ஆரைப் போட?"

நடுவிலிருந்த சிவந்த பாத்தியில் விரலை வைத்தார்.

"இதில என்னைக் கீறு. நிமிந்து பாக்கிற மாதிரிக் கீறு."